அமைச்சர் சொல்லாத வாக்கியம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லோரும் ‘மூலை மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். செய்தி வாசிப்பவர் வாயால் சொல்வதையெல்லாம் அந்தச் சதுரத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்வது அவள் வேலை. கறுப்புச் சட்டை, இறுக்கிக் கட்டிய கூந்தல், வளையலோ மோதிரமோ இல்லாத வெறுங்கைகள். அவசரச் செய்தி ஏதாவது வந்தால் எழுத்துப் பட்டை அவள் முழங்கைக்குக் குறுக்கேதான் ஓடும். கை பாதி மறைந்துபோகிறது என்று அவள் புகார் செய்தால், “அதை யாரு மேடம் உத்து உத்துப் பாக்கப்போறாங்க?” என்று சிரிப்பார்கள்.

யார் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் பார்ப்பான். பிறவியிலேயே காது கேளாதவன். ஆற்றோரக் குடியிருப்பில் ஒரு நாற்காலிப் பட்டறையில் வேலை. அங்கே பாதிப் பேர் அவனைப் போன்றவர்கள்தான். மரம் அறுக்கும் மெஷினின் கத்தல் இவர்களை ஒன்றும் செய்யாது என்று முதலாளி தேடித் தேடி எடுத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் டிவிக்கு முன்னால் மரத்தூளும் வியர்வையுமாக உட்கார்ந்து, திரையின் அந்த ஒரு மூலையை மட்டும் பார்ப்பார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். “உன் வாயில ரெண்டு பிள்ளை பிழைக்கணும்டி” என்று சொல்லிச் சொல்லியே அம்மா அவளை வளர்த்தாள். கடையில், பள்ளிக்கூடத்தில், டாக்டரிடத்தில், கடைசியில் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அவள்தான் அவனுக்கு வாய். அப்படிப் பழகிய வாயும் கையும்தான் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தன. வேலையின் சட்டம் ஒன்றே ஒன்று. வாசிப்பவர் சொல்வதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தன் சொந்த அபிப்பிராயத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

போன வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொரு செய்தி நிலையத்திலும் ஒரு தணிக்கை அதிகாரியை அரசு உட்கார வைத்திருந்தது. இவர்கள் நிலையத்துக்கு வந்தவர் ஒல்லியான, சாதுவான மனிதர். எந்நேரமும் தொண்டை மாத்திரை ஒன்று வாயில் உருண்டுகொண்டிருக்கும். காலையில் வந்ததும் வாசல் காவலாளி உட்பட எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். பிறகு மேசையில் உட்கார்ந்து, செய்தி எழுதிய தாள்களில் வேண்டாத வரிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடாக அடிப்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’.

அந்த வாரம் மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு கட்டளை வந்திருந்தது. ‘தண்ணீர்’, ‘வாந்தி’ இரண்டு சொல்லும் ஒரே செய்தியில் வரக் கூடாது.

“அப்போ மழை பெய்ஞ்சா வானத்துலருந்து என்ன விழுதுன்னு சார் நான் வாசிக்கிறது?” என்று செய்தி வாசிக்கும் பெண் கேட்டாள்.

“மழையில யாரும் வாந்தி எடுக்கலையேம்மா” என்றார் கத்தரி, வருத்தமான குரலில். கிண்டல் அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல் இருந்தாரா என்று தெரியவில்லை.

கட்டளைக்குக் காரணம் என்ன என்று மூலை மேடத்துக்குத் தெரியும். நிலையத்தின் நிருபர் ஆற்றோரக் குடியிருப்புக்குப் போய் ஒரு படம் எடுத்து வந்திருந்தார். கையால் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தயார் செய்துகொள்ள எடிட்டிங் அறையில் அவளுக்கு அதைப் போட்டுக் காட்டினார். தோல் பதனிடும் ஆலையின் கழிவுக்குழாய் மண்ணுக்கடியில் வெடித்து, ஊதாவும் பச்சையுமான திரவம் பொங்கி, பக்கத்தில் குடிநீர்க் குழாயின் இணைப்புக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் கேமராவை இறக்கியே எடுத்திருந்தார்.

“என் கண்ணால பாத்தேன் மேடம். இது நாளைக்கு ஓடுனா குழாயை அடைச்சே ஆகணும்” என்றார் நிருபர்.

அது ஓடவில்லை. மறுநாள் அந்தப் படம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நிருபரை விளையாட்டுச் செய்திக்கு மாற்றினார்கள். அவர் கால்பந்து மைதானத்தில் நின்றுகொண்டு, யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அவளிடம் கண்ணைக் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

அவளும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் செல்போனில் முகம் பார்த்து, கையால் சொன்னாள். “குழாய்த் தண்ணிய விட்டுடு. கடையில வாங்கிக் குடி.”

சொன்னது தாமதமாகிவிட்டது. அண்ணன் மகளுக்கு அதற்கு முன்பே வயிற்றைப் பிரட்ட ஆரம்பித்திருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லாம் ஆற்றோரத்துப் பிள்ளைகள். வார்டு டாக்டரம்மா சீட்டில் ‘பருவகால ஒவ்வாமை’ என்று எழுதிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றுகிற சாக்கில் அவள் காதருகே குனிந்தாள்.

“குழாய்த் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. கொதிக்க வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கும் குடும்பம் இருக்கு.”

நடைபாதையில் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். டாக்டர் சொன்னதை அவள் கையால் சொன்னதும் அவன் முகம் கல்லாகிவிட்டது.

“எனக்குச் சொன்னே. பட்டறையில இருக்கிறவங்களுக்கு யார் சொல்றது?” அவன் கைகள் வேகமாக அசைந்தன.

“நீ சொல்லு.”

“சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாங்க. உன் தங்கச்சி தினமும் டிவியில வர்றாளே, அவ ஒண்ணும் சொல்லலையேங்கிறாங்க.” அவன் மூச்சு வாங்கினான். “காது கேக்கிறவங்களுக்கு வதந்தியாவது இருக்கு. குழாயடியில குசுகுசுன்னு பேசுறது காதுல விழும். எங்களுக்கு என்ன இருக்கு? உன் கை மட்டும்தான்.”

செல்போனில் எழுதி அனுப்பலாமே என்றாள். அனுப்பினவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றான். குடியிருப்பின் முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் அவன். ‘தண்ணீர் குடிக்காதீர்கள்’ என்று பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பினான். இன்னும் வீடு திரும்பவில்லை.

மறுநாள் மாலை நேரலையில் அமைச்சரின் பேட்டி. அமைச்சர் நிலையத்துக்கே வந்திருந்தார். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அவள் தன் பச்சைத் திரைக்கு முன்னால், தனி அறையில் நின்றாள். எதிரே இருந்த டிவியில் அமைச்சரின் முகம் பெரிதாகத் தெரிந்தது. காதுக் கருவியில் அவர் குரல்.

அமைச்சர் பேசப் பேச அவள் கைகள் பழக்கத்தில் ஓடின. வதந்தி பரப்புகிறவர்கள்மேல் நடவடிக்கை. ஆட்சிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரத் துடிக்கும் கூட்டம். எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னாள். பிறகு அமைச்சர் குவளையைத் தூக்கிப் பிடித்தார்.

“இது ஆற்றோரக் குடியிருப்பின் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர். தாராளமாகக் குடிக்கலாம். இதோ, நானே குடிக்கிறேன்.”

‘குடிக்கலாம்’ என்பதற்கான கை அவள் நெஞ்சுவரை வந்தது. வார்டில் ஒரே தலையணையில் கிடந்த இரண்டு சின்னத் தலைகள் கண்முன் வந்தன. கை நின்றது. நேரலையில் ஒரு நொடி என்பது ஒரு யுகம். அப்புறம் அவள் கைகள் தாமாகவே பேசின.

“குடிக்காதீங்க. குழாய்த் தண்ணியில நஞ்சு கலந்திருக்கு. கொதிக்க வெச்சாலும் குடிக்காதீங்க.”

அவ்வளவுதான். அமைச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அவளும் போனாள். பேட்டி முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. கத்தரி எட்டிப் பார்த்தார்.

“இன்னைக்குக் கை ரொம்ப வேகம்மா. நல்லா இருந்துச்சு” என்றார்.

அன்று பட்டறையில் நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். அவர்கள் பார்த்தவரைக்கும், அமைச்சர் குவளையைத் தூக்கிக் காட்டி, ‘இது நஞ்சு, குடிக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு மடக்மடக்கென்று குடித்தார். “விஷம்னு சொல்லிக்கிட்டே குடிக்கிறாரே, இந்த மனுஷனுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்று மெருகு போடுகிற பெரியவர் கேட்டிருக்கிறார். மக்களுக்காக உயிரை விடுகிறார் என்று ஒருவன் கண் கலங்கினானாம். அவள் சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அண்ணன் சிரிக்கவில்லை. செல்போன் திரையில் அவன் முகம் கடுகடுவென்று இருந்தது.

“எல்லாரும் குழாய் பக்கம் போறதை நிறுத்திட்டாங்க. நல்லது. ஆனா ஒண்ணு கேக்குறேன். அது அமைச்சர் சொன்னதா, நீ சொன்னதா?”

“நான்.”

“அப்போ ஏன் அவர் வாயில வெச்சே? அவர் பொய் சொன்னார்ங்கிறது எங்களுக்குத் தெரிய வேண்டாமா? பொய் சொன்ன மனுஷனை நீ எங்ககிட்ட நல்லவனா ஆக்கிட்டே. நாளைக்கு உன் கை எது சொன்னாலும், இது அவங்க சொல்றதா, இவ சொல்றதான்னு நாங்க சந்தேகப்படணும். உன்னோடதுன்னா உன்னோடதுன்னு சொல்லு.”

அவளுக்குச் சுருக்கென்றது. உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியத்துக்கு இவன் கணக்கு கேட்கிறானே என்று கோபமும் வந்தது. போனை வைத்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. காது கேளாதவர்கள் தண்ணீரை நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். “டிவியில சொன்னாங்களாம்” என்று பேச்சு ஓடியது. குடியிருப்பே பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. டிவியில் சொன்னது யார் என்று அமைச்சகம் தேட ஆரம்பித்தது. செய்திப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். எந்தக் குரலிலும் இல்லை. கடைசியில் யாரோ ஒருவருக்கு மூலை ஞாபகம் வந்திருக்கிறது.

அவளை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் நாற்காலியில் அமைச்சகத்திலிருந்து வந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மேசையில் கவிழ்த்து வைத்த செல்போன், பதமான சிரிப்பு. சுவரோரமாகக் கத்தரி. இன்னொரு நாற்காலியில் இருந்தவரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நீதிமன்றத்தில் காது கேளாத சாட்சிகளுக்கு மொழிபெயர்ப்பவர் அவர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். இந்த டிவி வேலைக்கு இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தார்கள். அவளுக்குக் கிடைத்தது. சிபாரிசில் வாங்கினாள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“வாங்க மேடம், உக்காருங்க” என்றார் அமைச்சகத்துக்காரர். “ஒண்ணுமில்ல, ஒரு சின்னச் சந்தேகம். சார் பாத்துச் சொல்லிடுவார்.”

படத்தை ஓட்டினார்கள். அமைச்சர் குவளையைத் தூக்கினார். மூலையில் அவள் கை நின்றது, பிறகு பேசியது. நீதிமன்றக்காரர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

போட்டார்கள். இன்னொரு தடவை கேட்டார். அதையும் போட்டார்கள். அறையில் மின்விசிறிச் சத்தமும் கத்தரியின் வாய் மாத்திரை பல்லில் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி இவர் துள்ளப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

“படம் ரொம்பச் சின்னதா இருக்கு சார்” என்றார் அவர். “எழுத்துப் பட்டை வேற கையை மறைக்குது. சரியா தெரியல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பட்டை அந்த இடத்தில் மறைக்கவே இல்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவர் விரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன. ‘என்ன சொல்லட்டும்?’

அமைச்சகத்துக்காரர் சிரித்தபடியே ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினார்.

“தெரிஞ்ச வரைக்கும் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க. வேற ஊர்லருந்தும் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கோம். அவரும் பாப்பார். ரெண்டும் ஒண்ணா இருந்தா பிரச்சினை இல்ல. இல்லேன்னா, நீதிமன்றத்துல பொய் எழுதிக் கொடுத்தா என்ன தண்டனைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

நீதிமன்றக்காரர் பேனாவை எடுத்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பேனா முனை தாளைத் தொட்டது.

“எழுத வேண்டாம்” என்றாள் அவள்.

அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தும் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அவளுக்கே அது யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

“நானே சொல்றேன். அமைச்சர் குடிக்கலாம்னார். நான் குடிக்காதீங்கன்னேன். தண்ணியில நஞ்சு கலந்திருக்குன்னேன். கொதிக்க வெச்சாலும் போகாதுன்னேன். இதுல அவருக்கு ஒண்ணும் சம்பந்தமில்ல.”

அமைச்சகத்துக்காரரின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் ‘மேடம்’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

“யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?”

“யாரும் சொல்லல. குழாய் உடைஞ்சதைப் படத்துல பாத்தேன். என் அண்ணன் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கிறா.”

டாக்டரம்மாவைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

அமைச்சகத்துக்காரர் செல்போனை நிமிர்த்தி நேரம் பார்த்தார். பிறகு மிகவும் நிதானமாகப் பேசினார். அவளைப் பிடித்து உள்ளே வைப்பது சுலபம். ஆனால் வைத்தால், சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அதனால் அன்று மாலைச் செய்தியில் அவளே மூலையில் நின்று, சொன்னது தவறு என்று கையால் சொல்ல வேண்டும். நேரலையில். பதிவு செய்து போட்டால் மிரட்டி வாங்கியது என்பார்கள். நீதிமன்றக்காரர் கட்டுப்பாட்டு அறையில் நின்று பார்ப்பார். ஒரு சொல் மாறினாலும் அவர் கையைத் தூக்க வேண்டும். அடுத்த கணம் மூலைச் சதுரத்தை அணைத்துவிடுவார்கள்.

“ஒழுங்கா சொன்னா வேலையில இருக்கலாம். இல்லேன்னா நீ மட்டும் இல்ல. உங்க அண்ணன் எந்தப் பட்டறையில வேலை செய்யறான்னு எனக்குத் தெரியும்” என்றார்.

ஒப்பனை அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது கத்தரி வந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். அவர் கையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீடு ஆத்தோரத்துல இல்ல. ஆனா எங்களுக்கும் அதே தொட்டியிலருந்துதான் தண்ணி வருது. என் மனைவிக்குக் கொஞ்ச நாளா வயிறு சரியில்ல. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சோம்.” பாட்டில் மூடியைத் திருகினார். “நெஜமாவே இருக்கா அது?”

அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. “அந்தப் படத்தை வெட்டுனது நீங்கதானே சார்? என்னைக் கேக்குறீங்க?”

“நான் படம் பாக்கலம்மா. தலைப்பை மட்டும் பாத்தேன். தலைப்புல தண்ணீர்னு இருந்துச்சு. வெட்டிட்டேன்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் பாசாங்கு எதுவும் இல்லை. அந்தப் படம் கைக்கே வந்து சேர்ந்த மனிதர் அவர். அவர் வீட்டில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நெஜம்தான் சார். வீட்டுக்குப் போன் பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க” என்றாள்.

அவர் தலையாட்டினார். நடைபாதையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனார்.

மாலைச் செய்தி. பச்சைத் திரைக்கு முன்னால் நின்றபோது அவளுக்குக் கைகள் சில்லிட்டிருந்தன. தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறை தெரிந்தது. அமைச்சகத்துக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் நீதிமன்றக்காரர். அணைக்கும் விசைமேல் விரலை வைத்தபடி ஒரு தொழில்நுட்பக்காரர்.

செய்தி வாசிக்கும் பெண் தாளை எடுத்தாள். “அமைச்சரின் பேட்டியின்போது, நமது சைகை மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவால் ஒரு தவறான தகவலைத் தெரிவித்துவிட்டார்...”

அவள் கைகளை உயர்த்தினாள்.

“இப்போ வாசிக்கிறவங்க சொல்றது இது: நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன், தண்ணி நல்ல தண்ணி. இது அவங்க சொல்றது.” பிறகு நெஞ்சைத் தொட்டாள். விரலைக் கன்னக்குழியில் வைத்தாள். கைமொழியில் அதுதான் அவள் பெயர். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. “இனிமே சொல்றது நான். அன்னைக்கு நஞ்சுன்னு சொன்னது அமைச்சர் இல்ல. அவர் குடிக்கலாம்னுதான் சொன்னார். அவர் வாயில என் சொல்லை வெச்சது என் தப்பு. மன்னிச்சிடுங்க. ஆனா சொன்ன விஷயம் உண்மை.”

கண்ணாடிக்கு அப்பால் நீதிமன்றக்காரரின் முகம் வெளுப்பதை அவள் பார்த்தாள். அவர் கை தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கப் போகிறார், இதோ தூக்கப் போகிறார் என்று எண்ணிக்கொண்டே அவள் தொடர்ந்தாள். ஆலையின் குழாய், குடிநீர்க் குழி, வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், சைக்கிள் கடைக்காரன். வாசிக்கும் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, திடீரென்று இருமினாள். மன்னிப்புக் கேட்டாள். ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். வழக்கமாகக் குதிரை மாதிரி ஓடுகிறவள், அன்று நத்தையாக ஊர்ந்தாள்.

மறுப்புச் செய்தி முடிந்து வானிலை தொடங்கிவிட்டது. அவள் கைகள் நிற்கவில்லை. அமைச்சகத்துக்காரருக்கு ஏதோ உறுத்தியது. நீதிமன்றக்காரர் பக்கம் திரும்பினார்.

“என்னய்யா, சரியாத்தான் சொல்றாளா?”

அவர் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சரியாத்தான் சொல்றாங்க சார். ஒரு சொல் தப்பில்ல.”

மறுநாள் விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வதந்தி பரப்பியது, அரசுக்கு எதிராகத் தூண்டியது என்று வழக்கு. ஜாமீன் கிடைக்கவில்லை. நீதிமன்றக்காரரையும் விசாரித்தார்கள். அவள் வேகமாகச் சொன்னதால் சரியாகப் பிடிக்க முடியவில்லை என்று சாதித்துவிட்டார். வேலை போயிற்று. ஆனால் வெளியே இருந்தார். மூலைச் சதுரத்துக்கு ஆள் கிடைக்காமல் நிலையம் அதை எடுத்தேவிட்டது. சதுரம் எங்கே என்று கேட்டு, காது கேளாதவர்கள் கூட்டம் கூட்டமாக நிலையத்து வாசலுக்குப் போனார்கள். என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவும் உள்ளே ஆள் இல்லை.

சிறைக்குள் அவளுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. நாளிதழ் வரும், ஓட்டை ஓட்டையாக வெட்டப்பட்டு. பிள்ளை என்ன ஆனாள் என்று தெரியாமல் ஒவ்வொரு இரவும் நெஞ்சில் பாறை ஏறி உட்கார்ந்தது. கடைசியில் ஒருநாள் அண்ணன் பார்க்க வந்தான்.

பார்வையாளர் கூடத்தில் நீளமான கண்ணாடித் தடுப்பு. இரண்டு பக்கமும் தொலைபேசிகள். நாலைந்து கைதிகள் அவரவர் உறவினரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்ததும் கைகளைத் தூக்கினான். காவல் பெண் ஓடி வந்தாள்.

“ஏம்மா, போன்ல பேசச் சொல்லு. நாங்க கேக்கணும். அதான் சட்டம்.”

“அவருக்குக் காது கேக்காதுக்கா.”

காவல் பெண் தலையைச் சொறிந்தாள். யோசித்தாள். “அப்போ அவர் என்ன சொல்றாரோ அதை நீ வாய்விட்டுச் சொல்லு. நீ சொல்றதையும் வாய்விட்டுச் சொல்லு. ஒண்ணும் ஒளிக்கக் கூடாது.”

“சரிக்கா. ஒண்ணும் ஒளிக்கல.”

அண்ணன் கையை அசைத்தான். அவள் கூடத்துக்கே கேட்கும் குரலில் சொன்னாள்.

“பாப்பா வீட்டுக்கு வந்துட்டா. மெலிஞ்சு போயிருக்கா. ஆனா சாப்பிடுறா.”

அண்ணன் கைகள் தொடர்ந்தன. அவளும் தொடர்ந்தாள்.

“ஆலையை மூடிட்டாங்க. பராமரிப்புன்னு போர்டு மாட்டியிருக்காங்க. புதுக் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருக்காங்க. ஏன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

“இந்தாம்மா” என்று காவல் பெண் குறுக்கிட்டாள். “அதெல்லாம் இங்க பேசக் கூடாது.”

“நான் பேசலக்கா. அவர் சொல்றதைச் சொல்றேன். ஒளிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மற்றத் தொலைபேசிகளில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தது. காதில் வைத்த போனை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

“தொட்டியோட தண்ணி போற இடமெல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும். ஆத்தோரம் மட்டும் இல்ல, மேட்டுத் தெருவும்தான். குழாய் வேலை முடியற வரைக்கும் லாரியில நல்ல தண்ணி குடுக்கிறாங்க. கேட்டாத்தான் குடுக்கிறாங்க. போய்க் கேக்கணும்.”

கடைசி இருக்கையில் இருந்த ஒரு கைதி, பெரிய உடம்புக்காரி, தன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தவள், போனைக் கீழே இறக்கினாள்.

“எங்க வீடு மேட்டுத் தெருதான். லாரி எங்க நிக்குதாம்? கேட்டுச் சொல்லு தங்கச்சி.”

காவல் பெண் தடுக்கவில்லை. அவளும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றாள்.

மூலை மேடம் கண்ணாடிப் பக்கம் திரும்பி, அண்ணனிடம் கையால் கேட்டாள்.